உங்களுக்குத் தெரியுமா? மீன் எண்ணெயும் முண்டா பலமும்

ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "புரோட்டீன் பவுடர் மட்டும் போதாது தம்பி, மீன் மாத்திரையும் சேர்த்துப் போடு, பாடி சீக்கிரம் ஏறும்." பிறகு சி.எல்.ஏ. வரும், எம்.சி.டி. வரும், அலமாரி நிறையும். பவுடரைத் தவிர மற்றதெல்லாம் கொழுப்பு அமிலங்கள்தான். இவற்றால் தசை வளருமா? வளர்ந்தால் யாருக்கு? அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது? இந்த இதழின் துணுக்குகள் அதைப் பற்றியவை.

◆ கொழுப்பு என்பது வெறும் எரிபொருள், அது இல்லாவிட்டால் மாவுச்சத்தை வைத்தே காலம் தள்ளலாம் என்றுதான் 1920-களின் கடைசி வரை விஞ்ஞானிகள் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீவனம் போட்டுப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, எலிகள் செத்தன. லினோலெயிக் அமிலம் கொஞ்சம் கொடுத்ததும் தேறின. 1929-லும் 1930-லும் இது அச்சில் வந்தது. உடம்பால் தானே தயாரிக்க முடியாத கொழுப்பும் உண்டு என்று தெரிந்தது அப்போதுதான்.

◆ மீன் எண்ணெயில் புரதம் துளியும் கிடையாது. தசையோ புரதத்தால் ஆனது. அப்புறம் எப்படி உதவும்? மீன் எண்ணெயில் உள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 அமிலங்களும் தசை செல்லின் உறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. சாப்பிட்ட புரதம் செரித்து ரத்தத்தில் ஏறும்போது, "தசையைக் கட்டு" என்று செல்லுக்குள் உத்தரவு போடுவது எம்டார் என்ற ஒரு மூலக்கூறு. உறையில் ஒமேகா-3 இருந்தால் அந்த உத்தரவு பலமாகப் போகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. உறை மாறுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஆகவே பயிற்சிக்கு அரைமணி முன்னால் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு டம்பெல்லைத் தூக்குவதால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது.

◆ இந்த நம்பிக்கைக்கெல்லாம் வலுவான ஆதாரம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் ஸ்மித், பெட்டினா மிட்டென்டார்ஃபர் குழுவினர் 2011-ல் முதியவர்கள் சிலருக்கு எட்டு வாரம் தினமும் 4 கிராம் ஒமேகா-3 மருந்து கொடுத்தார்கள். அமினோ அமிலமும் இன்சுலினும் ஏற்றியபோது அவர்களுடைய தசை முன்பைவிட வேகமாகப் புரதம் கட்டியது. 2015-ல் 60 முதியவர்களை வைத்து ஆறு மாதம் சோதித்தார்கள். ஒமேகா-3 எடுத்தவர்களின் தொடைத் தசை, எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 3.6 சதவீதம் கூடியிருந்தது. கைப்பிடி வலு 2.3 கிலோ அதிகம்.

3.6 சதவீதம் என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் அறுபதைக் கடந்தவர்களுக்கு வருடம்தோறும் தசை கரைந்துகொண்டே போகும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிவதும், குளியலறையில் வழுக்கினால் சுதாரித்துக்கொள்ள முடிவதும் இந்தச் சின்ன அளவைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அந்த ஆய்வில் யாரையும் எடை தூக்கச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

◆ அதே எண்ணெய், இளங்காளைகளிடம்? ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் எடைப் பயிற்சி பழகிய இளைஞர்களை இரண்டு அணியாகப் பிரித்து எட்டு வாரம் தினம் 5 கிராம் எண்ணெய் கொடுத்தார்கள். ஒரு அணிக்கு மீன் எண்ணெய், மறு அணிக்குத் தேங்காய் எண்ணெய். பிறகு 30 கிராம் வே புரோட்டீனைக் குடிக்க வைத்துத் தசை கட்டும் வேகத்தை அளந்தார்கள். வித்தியாசம் இல்லை. முடிவு 2016-ல் வெளியானது. போதுமான புரதமும் பயிற்சியும் உள்ள இளம் தசை ஏற்கெனவே முழு வேகத்தில்தான் ஓடுகிறது. எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. மாத்திரை டப்பாவில் படம் போட்டிருப்பதென்னவோ இருபத்தைந்து வயதுக் காளையின் முண்டாவை. தாத்தாவின் தொடையைப் போட்டிருந்தால் உண்மையாக இருந்திருக்கும், விற்காது.

◆ இளம் வயதினரிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 20 இளம்பெண்களின் ஒரு காலை இரண்டு வாரம் அசையாமல் கட்டிப்போட்டார்கள். சூரியகாந்தி எண்ணெய் எடுத்தவர்களின் முன்தொடைத் தசை 14 சதவீதம் சுருங்கியது. மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு 8 சதவீதம். கட்டை அவிழ்த்த இரண்டு வாரத்தில் மீன் எண்ணெய் அணி பழைய அளவை எட்டிவிட்டது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல்: கட்டுப் போடுவதற்கு நான்கு வாரம் முன்பிருந்தே எண்ணெயை ஆரம்பித்துவிட்டார்கள். கால் உடையப்போகிறது என்று நான்கு வாரத்துக்கு முன்னால் தெரிந்து வைத்திருப்பவர் யார்? நாள் குறித்துச் செய்யும் மூட்டு அறுவை சிகிச்சை வேண்டுமானால் வேறு. அங்கேயும் அதிக அளவு மீன் எண்ணெய் ரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், அறுவை செய்யும் மருத்துவரிடம் சொல்லாமல் விழுங்கக் கூடாது. ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

◆ "1000 மி.கி. மீன் எண்ணெய்" என்று டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்புங்கள். சாதாரண ரக மாத்திரையில் இ.பி.ஏ. 180 மி.கி., டி.எச்.ஏ. 120 மி.கி. இருக்கும். வேலை செய்வது இந்த 300 மி.கி. மட்டுமே, மீதி வேறு கொழுப்பு. செயின்ட் லூயிஸ் முதியவர்களுக்குக் கிடைத்தது தினம் 3,360 மி.கி. அதை எட்ட சுமார் 11 மாத்திரை விழுங்க வேண்டும், கூடவே சுமார் 100 கலோரி. தினம் ஒன்று போட்டுக்கொண்டு "எனக்கு ஒன்றும் தெரியலையே சார்" என்று சொல்பவர்களுக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

◆ குறைந்த அளவு போதாதா என்று கேட்டால், ஐரோப்பாவில் அதையும் பார்த்துவிட்டார்கள். டூ-ஹெல்த் என்ற ஆய்வில் 70 வயதைத் தாண்டிய 2,157 பேர் மூன்று ஆண்டுகள் கலந்துகொண்டார்கள். தினம் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களின் நடை, நாற்காலியிலிருந்து எழும் வேகம், உடல் சமநிலை எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. 2020-ல் முடிவு வந்தது.

◆ இனி தராசின் மறு தட்டு. நம்மில் பலர் மீன் எண்ணெயை இதயத்தின் நண்பன் என்றே அறிவோம். அந்த நண்பன் அளவு மீறினால் இதயத்தின் தாளத்தைக் குலைக்கிறான்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடவென்று துடிப்பதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். 2018-ல் வந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில் 8,179 இதய நோயாளிகளும் சர்க்கரை நோயாளிகளும் இருந்தார்கள். தினம் 4 கிராம் சுத்திகரித்த இ.பி.ஏ. எடுத்த அணியில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 25 சதவீதம் குறைந்தன. (மற்ற அணிக்குக் கொடுத்த கனிம எண்ணெயே கெடுதல் செய்து இந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கிவிட்டது என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை.) அதே ஆய்வில் தாளம் குலைந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் எண்ணெய் அணியில் 3.1 சதவீதம், மற்ற அணியில் 2.1 சதவீதம். 2020-ல் வந்த ஸ்ட்ரெங்த் ஆய்வில் 13,078 பேருக்குத் தினம் 4 கிராம் கொடுத்தார்கள். இதயத்துக்குப் பலன் இல்லை. தாளக் கோளாறு மட்டும் கூடியது. 2021-ல் இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினம் 1 கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு ஆபத்து சுமார் 49 சதவீதம் அதிகம், 1 கிராமும் அதற்குக் குறைவும் எடுத்தவர்களுக்குச் சுமார் 12 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. 2023-ல் ஐரோப்பிய மருந்து முகமை, ஒமேகா-3 மருந்தோடு வரும் குறிப்புத் தாளிலேயே இதை அடிக்கடி நேரக்கூடிய பக்கவிளைவு என்று எழுதச் சொல்லிவிட்டது.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. தசைக்குப் பலன் கிடைக்கும் அளவு 3 கிராமுக்கு மேல்; தாளம் கெடும் அளவும் அதுவே. தசைக்குப் பலன் காணும் வயது அறுபதுக்கு மேல். தாளம் கெடும் வயதும் அதுவே. ஆகவே இளைஞருக்கு இது பெரும்பாலும் வீண் செலவு. பெரியவருக்கோ இது உண்மையான தராசு. ரத்த அழுத்தம், படபடப்பு, பழைய இதயக் கோளாறு இருந்தால் ஈ.சி.ஜி. பார்க்காமல் 4 கிராமில் இறங்குவது சரியில்லை என்பது என் கட்சி. இத்தனைக்கும், பெரியவர்களுக்குத் தினம் 5 கிராம் வரை பாதுகாப்பானது என்று 2012-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன வாசகத்தை விற்பனையாளர்கள் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். மேலே சொன்ன இதயத் தாள ஆய்வுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

◆ "கொழுப்பு கரையும், தசை நிற்கும்" என்று விற்கப்படும் சி.எல்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் கவனத்துக்கு வந்தது வறுத்த மாட்டிறைச்சியில். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பரீசா, இறைச்சி கருகும்போது உண்டாகும் புற்றுநோய்ப் பொருளைத் தேடப் போய், புற்றைத் தடுக்கும் ஒன்றைக் கண்டெடுத்தார். பாலிலும் நெய்யிலும்கூட அது கொஞ்சம் உண்டு. சுண்டெலிகளில் கொழுப்பு பிரமாதமாகக் கரைந்தது. மனிதர்களில்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் போட்ட கணக்கில், தினம் 3.2 கிராமுக்கு வாரம் 90 கிராம் கொழுப்பு. இதற்காகக் கொடுக்கும் விலை குறைவில்லை. ஸ்வீடனின் உப்சாலாவில் 2002-ல் தொப்பை உள்ள ஆண்களுக்கு சி.எல்.ஏ.-வின் ஒரு வகையைத் தனியாகப் பிரித்து 12 வாரம் கொடுத்தபோது, இன்சுலினுக்கு உடம்பு மசியாத நிலை கூடிவிட்டது. பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் உள்ள நம் நாட்டில், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருக்கும் பையன் இதைத் தொடுவானேன்?

◆ அதே உப்சாலாவில் இன்னொரு வேடிக்கை. ஒல்லியாக இருந்த 39 இளைஞர்களுக்கு ஏழு வாரம் தினமும் மஃபின் கேக் கொடுத்துச் சாப்பிட வைத்தார்கள். கூடுதலாக 750 கலோரி. பாதிப் பேருக்குப் பாமாயில் மஃபின், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி மஃபின். எல்லோருக்கும் எடை ஒரே அளவு, சுமார் 1.6 கிலோ ஏறியது. ஆனால் எங்கே ஏறியது? பாமாயில்காரர்களுக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு. சூரியகாந்திக்காரர்களுக்குக் கொழுப்பற்ற திசு மும்மடங்கு அதிகம். 2014-ல் வந்த ஆய்வு இது. ரேஷன் பாமாயிலில் வடை சுடும் வீட்டில், ஜிம் போகும் பையனுக்கு மட்டும் விலையுயர்ந்த மாத்திரை வாங்குவதை நினைத்துப் பார்த்தேன். தாளிக்கும் எண்ணெயை மாற்றுவது இன்னும் மலிவான சப்ளிமென்ட். (மஃபின் சாப்பிட்டுத் தசை வளர்க்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை!)

◆ வீக்கமும் வலியும் தசைக்கு எதிரி என்று நினைக்கிறோம். அராக்கிடானிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பிலிருந்துதான் உடம்பு புரோஸ்டாகிளாண்டின்களைத் தயாரிக்கிறது. பயிற்சிக்குப் பின் வரும் வலிக்கும் அவை காரணம், தசை கட்டும் கட்டளைக்கும் அவை துணை. எனவே இந்த அமிலத்தையே டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். 2007-ல் பயிற்சி பெற்ற 31 ஆண்களுக்குத் தினம் 1 கிராம் வீதம் 50 நாள் கொடுத்தும் உடற்கட்டில் மாற்றம் இல்லை. பின்னால் வந்த ஒரு சிறிய ஆய்வு கொஞ்சம் கூடியது என்றது. வழக்கு தீரவில்லை.

இதைவிடச் சுவையானது, புரோஸ்டாகிளாண்டின் தயாராகும் பாதையை வலி மாத்திரையால் அடைத்தால் என்ன ஆகும் என்பது. 2018-ல் ஸ்வீடனில் இளைஞர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சியோடு தினம் 1,200 மி.கி. இபுப்ரோஃபென் கொடுத்தார்கள். அவர்களின் தொடைத் தசை 3.7 சதவீதம் வளர்ந்தது. வெறும் 75 மி.கி. ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு 7.5 சதவீதம். அமெரிக்காவில் 2011-ல் முதியவர்களிடம் இதே அளவு மாத்திரையைச் சோதித்தபோது நேர் எதிர்: மாத்திரை போட்டவர்களுக்குத்தான் தசை அதிகம் வளர்ந்தது. வயது மாறினால் மருந்தே கட்சி மாறுகிறது. இதைப் படித்துவிட்டு தாத்தாவுக்கு வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்; சிறுநீரகமும் இரைப்பையும் தாங்காது.

◆ எம்.சி.டி. எண்ணெய் தேங்காயிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது, அதனால் தேங்காய் எண்ணெயும் எம்.சி.டி.யும் ஒன்று என்பது ஜிம் பேச்சு. கடையில் விற்கும் எம்.சி.டி.யில் இருப்பது 8, 10 கார்பன் அமிலங்கள். அவை நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதன் போக்கு பெரும்பாலும் மற்ற கொழுப்புகளைப் போலத்தான். கொழுப்பைச் செரிக்க முடியாத நோயாளிகளுக்காக மருத்துவமனைக்குள் வந்த எண்ணெய் இந்த எம்.சி.டி.; அது தசை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சைக்கிள் வீரர்களுக்கு அதிகமாகக் கொடுத்தபோது வேகம் கூடவில்லை, வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம்.

◆ பாஸ்பாடிடிக் அமிலம்: சோயாவிலிருந்து எடுப்பது, தினம் 750 மி.கி. முதலில் வந்த சிறு ஆய்வுகள் ஆகா என்றன, அடுத்து வந்தவை இல்லை என்றன. நகருங்கள்.

◆ மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. முதலாவது மீனின் உடம்பிலிருந்து, இரண்டாவது காட் மீனின் ஈரலிலிருந்து. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் செறிவாக உண்டு. ஒரு தேக்கரண்டியில் வைட்டமின் ஏ சுமார் 1,350 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்சவரம்பு 3,000. ஒமேகா-3 அளவை எட்டுவதற்காக மூன்று கரண்டி குடித்தால் வரம்பு தாண்டிவிடும். தொடர்ந்தால் கல்லீரலுக்கும் எலும்புக்கும் கேடு. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

◆ டப்பாவைத் திறந்ததும் ஒரு மாத்திரையைக் கடித்துப் பாருங்கள். லேசான மீன் வாடை சரி. பழைய பெயின்ட் மாதிரி நெடி அடித்தால் எண்ணெய் காறிவிட்டது. ஒமேகா-3 வெயிலிலும் காற்றிலும் சுலபமாகச் சிக்குப் பிடிக்கும் எண்ணெய். நியூசிலாந்தில் 2015-ல் 32 ரகங்களைச் சோதித்தபோது பெரும்பாலானவை காறல் வரம்பைத் தாண்டியிருந்தன. அடுத்த ஆண்டே வேறொரு குழு அப்படியெல்லாம் இல்லை என்றது. அங்கே இருக்கும் குளிருக்கே இந்தச் சண்டை. மே மாதச் சென்னையில் குளிர்சாதனம் இல்லாத கடையில் வெயில் படும் அலமாரியில் இருப்பதை வாங்காதீர்கள். எலுமிச்சை வாசனை சேர்த்த ரகங்களில் மூக்கை நம்ப முடியாது.

◆ போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டது. 94 டப்பாக்களில், அதாவது 14.8 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருட்கள் இருந்தன. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் "டப்பாவில் எழுதவில்லையே" என்பது வாதமாகாது. உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-ல் விளையாட்டுத் திறனைக் கூட்ட நல்ல ஆதாரம் உள்ளவை என்று ஐந்தைச் சொன்னது: காஃபின், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா-அலனின், பைகார்பனேட். ஐந்தில் ஒன்றுகூடக் கொழுப்பு அமிலம் இல்லை.

◆ மீன்கள் ஒமேகா-3-ஐப் பெரும்பாலும் தாங்களாகத் தயாரிப்பதில்லை. கடல் நுண்பாசி தயாரிக்கிறது. அதைத் தின்னும் சிற்றுயிர்களைத் தின்று மீன் சேர்த்து வைக்கிறது. சைவர்களுக்கு இதனால் ஒரு குறுக்கு வழி உண்டு: பாசி எண்ணெய் மாத்திரை. ஆளிவிதைப் பொடி நல்லதுதான், ஆனால் அதிலிருக்கும் ஏ.எல்.ஏ. உடம்புக்குள் இ.பி.ஏ.-வாக மாறுவது மிகச் சொற்பம், டி.எச்.ஏ.-வாக மாறுவது அதைவிடச் சொற்பம்.

◆ மீன் சாப்பிடுபவர்களுக்கு மத்தி இருக்கிறது. குமரிப் பக்கம் சாளை. 100 கிராமில் ஒரு கிராமுக்கு மேல் இ.பி.ஏ.-யும் டி.எச்.ஏ.-யும், கூடவே 20 கிராமை ஒட்டிய புரதம். எந்த மாத்திரையிலும் இரண்டும் சேர்ந்து வராது. சிறு மீன் என்பதால் சுறா போன்ற பெரிய மீன்களில் சேரும் பாதரசப் பயமும் குறைவு. மலபார் கரையில் ஒரு காலத்தில் மத்தியைக் காய்ச்சி எண்ணெய் இறக்கிப் படகுகளுக்குப் பூசினார்கள். அவ்வளவு எண்ணெய் அதில். முட்டையிட்டு முடித்துத் தின்று கொழுக்கும் பருவத்தில் பிடித்த மத்திக்கும் மற்ற மாதத்து மத்திக்கும் கொழுப்பில் பெரிய வித்தியாசம் இருக்கும். கழுவும்போது கையில் வழுவழுவென்று ஒட்டினால் நல்ல பருவம். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் ஒமேகா-3 கொஞ்சம் போய், சட்டியின் எண்ணெய் உள்ளே வந்துவிடும். குழம்பு வையுங்கள்.